எடையைச் சுமந்த விண்வெளி ஓடம்

1977 ஆகஸ்ட் 12. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்த ஒரு போயிங் 747 விமானத்தின் முதுகிலிருந்து எண்டர்பிரைஸ் என்ற விண்வெளி ஓடம் விடுபட்டது. எஞ்சின் உந்துதல் ஏதும் இல்லை. ஐந்து நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகக் காற்றில் வழுக்கிவந்து, எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தின் வறண்ட ஏரிப்படுகையில் பத்திரமாக இறங்கியது. ஓட்டியவர்கள் ஃபிரெட் ஹெய்ஸும் கார்டன் ஃபுல்லர்டனும். விண்வெளி ஓடம் விமானம்போல் தரையில் ஓடி நிற்க முடியும் என்பது அன்றுதான் நிரூபணமானது.

அதே ஆண்டு டென்மார்க்கில், பில்லுண்ட் என்ற சிற்றூரில், லெகோ நிறுவனம் பக்கவாட்டில் ஓட்டை போட்ட கட்டைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த இரண்டு செய்திகளையும் அப்போது யாரும் சேர்த்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1996இல், இரண்டும் ஒரே பெட்டிக்குள் சந்தித்தன. பெட்டியின் எண் 8480. லெகோ டெக்னிக் வரிசையில் வந்த விண்வெளி ஓடம். 1,300க்கும் மேற்பட்ட துண்டுகள். மோட்டாரால் திறக்கும் சரக்கறைக் கதவுகள், நீளும் இயந்திரக் கை, சூரியத் தகடுகளை விரிக்கும் செயற்கைக்கோள், வாலில் மினுங்கும் எஞ்சின்கள். அந்த வரிசையை நேசிப்பவர்கள் இன்றும் அதன் எண்ணைச் சொன்னாலே முகம் மலர்வார்கள். அந்தப் பொம்மை எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்ல அந்த ஓட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஓட்டைக்கு முந்தைய கதை பலரும் அறிந்தது, ஆகையால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓலெ கிர்க் கிறிஸ்டியான்சன் பில்லுண்டில் தச்சர். 1932இல், பொருளாதார மந்தத்தில் வீட்டுவேலைகள் குறைந்தபோது மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிளாஸ்டிக்கை வார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். 1949இல் முதல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. இங்கிலாந்தின் ஹிலாரி ஃபிஷர் பேஜ் கிடிகிராஃப்ட் என்ற பெயரில் அதற்கு முன்பே செய்து விற்ற கட்டைகள்தான் அவற்றுக்கு முன்மாதிரி. பேஜின் பெயர் இந்தக் கதையில் விடுபடக் கூடாது. ஓலெயின் மகன் காட்ஃபிரெட் 1958 ஜனவரியில் காப்புரிமை கோரியது, கட்டையின் அடிவயிற்றில் சிறு குழாய்களைச் சேர்த்ததற்காக. மேலே உள்ள குமிழ்கள் அந்தக் குழாய்களுக்கு இடையே இறுக்கமாகச் சிக்கிக்கொள்ளும். அன்றைய கட்டையும் இன்றைய கட்டையும் ஒன்றோடொன்று பொருந்துவது அதனால்தான்.

ஆனால் குமிழும் குழாயும் கட்டடம் கட்டத்தான் உதவும். சுவர் எழும், கூரை நிற்கும், எதுவும் சுழலாது. சக்கரங்கள் வந்தன, 1966இல் 4.5 வோல்ட் மோட்டார் வைத்த ரயில் வந்தது, 1970ஐ ஒட்டிப் பெரிய பல்சக்கரங்களும் வந்தன. இருந்தாலும் சுழற்சியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு, ஒரு பொம்மையின் வயிற்றுக்குள்ளாகக் கொண்டுபோக வழி இல்லை. 1977இல் வந்த புதிய வரிசையில் அந்த வழி பிறந்தது. ஃபோர்க்லிஃப்ட், டிராக்டர், ஹெலிகாப்டர், கார் என்று சில மாதிரிகள். ஸ்டியரிங் திருப்பினால் சக்கரம் திரும்பும், பின்சக்கரம் உருண்டால் எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் அந்தக் காரை உருவாக்கியவர்களில் யான் ரியா முக்கியமானவர். டெக்னிக் என்ற பெயர் சில ஆண்டுகள் கழித்துத்தான் ஒட்டியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போகும் விண்வெளி ஓடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நீளமான கட்டையின் பக்கத்தில் வட்ட ஓட்டைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் நுழையும் அச்சின் குறுக்குவெட்டு வட்டம் அல்ல, கூட்டல் குறி. வட்ட ஓட்டைக்குள் கூட்டல் குறி தடையில்லாமல் சுழலும். பல்சக்கரத்தின் நடுவிலோ கூட்டல் குறி வடிவத்திலேயே துளை. ஆகவே அச்சு சுழன்றால் பல்சக்கரம் கூடவே சுழன்றாக வேண்டும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. சுழல வேண்டிய இடத்தில் சுழற்சி, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிப்பு. இரண்டு வடிவங்களை வைத்தே ஒரு பட்டறைக்குரிய வேலை நடந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. லெகோவில் குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். படுக்கைவாட்டில் இரண்டு குமிழ் தள்ளிப் பொருந்தும் இரண்டு பல்சக்கரங்கள், கட்டைக்கு மேல் கட்டை அடுக்கிச் செங்குத்தாக வைத்தால் பொருந்தாது. பற்கள் முட்டும், அல்லது விலகி நிற்கும். கட்டையின் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தகட்டுக் கட்டை ஒன்று இருக்கிறது, 3.2 மில்லிமீட்டர். ஒரு கட்டையின் மேல் இரண்டு தகடுகள் வைத்தால் 9.6உடன் 6.4 சேர்ந்து சரியாக 16 ஆகிறது, அதாவது இரண்டு குமிழ் தூரம். அதற்குமேல் அடுத்த ஓட்டைக் கட்டையை வைத்தால் மேலும் கீழும் உள்ள ஓட்டைகள் 16 மில்லிமீட்டரில் நிற்கும். எட்டுப் பல் சக்கரத்தின் ஆரம் அரைக் குமிழ், இருபத்து நான்கு பல் சக்கரத்தின் ஆரம் ஒன்றரைக் குமிழ், கூட்டினால் இரண்டு. அவை இரண்டும் மேலும் கீழுமாகப் பிசிறில்லாமல் கடித்துக்கொள்ளும். ஓட்டைக் கட்டை, இரண்டு தகடு, மறுபடி ஓட்டைக் கட்டை என்ற அடுக்கு, குமிழ் வைத்த காலத்து டெக்னிக் மாதிரி எதைப் பிரித்தாலும் கண்ணில் படும். பொம்மைச் சுவர்களுக்காக முடிவான ஓர் அளவு, இருபது ஆண்டு கழித்து எந்திரத்துக்கும் இடம் கொடுத்தது. வடிவமைப்பில் நான் பெரிதாக மதிக்கும் விஷயம் இது.

அந்தப் பக்கம் எந்திரங்கள் வளர்ந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் விண்வெளி வேறொரு வழியாக லெகோவுக்குள் நுழைந்தது. 1978இல் கையும் காலும் அசையும் சிறு மனித உருவைத் தந்த ஜென்ஸ் நிகார்ட் நுட்சன்தான் விண்வெளி வரிசைக்கும் கர்த்தா. 1979இன் கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் நீலமும் சாம்பலும் மஞ்சள் கண்ணாடியுமாக ஒரு தலைமுறையின் கனவானது. அழகான கப்பல்; பின்கதவைத் திறந்தால் உள்ளிருந்து ஒரு சிறிய வண்டி வரும். ஆனால் கதவைத் திறப்பது விரல். பறப்பது, இறங்குவது எல்லாமே குழந்தையின் கையும், வாய் எழுப்பும் ஓசையும்தான். அது குறை இல்லை, அந்த வரிசை கதை சொல்வதற்காகப் பிறந்தது. டெக்னிக் வரிசை, எப்படி வேலை செய்கிறது என்று காட்டப் பிறந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும், முழு எந்திரமாக ஒரு விண்கலம் வரவில்லை. டெக்னிக் செய்தது பெரும்பாலும் மண்வாரி, கிரேன், லாரி, ஹெலிகாப்டர்.

விண்வெளி ஓடம் அந்தப் பட்டியலுக்கு எவ்வளவு பொருத்தமானது என்பது உண்மையான ஓடத்தைப் பார்த்தால் விளங்கும். நிலவுக்குப் போன அப்பல்லோ கலம் பெரும்பாலும் ஒரு கூண்டு; ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டு, கடைசியில் ஒரு கூம்பு மட்டும் கடலில் விழும். 1981 ஏப்ரல் 12 அன்று ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும் ஏறிப் பறந்த கொலம்பியா அப்படி அல்ல. அது ஒரு லாரி. 18 மீட்டர் நீளம், நாலரை மீட்டர் அகலத்தில் சரக்கறை, அதற்கு இரட்டைக் கதவு, ஓரத்தில் 15 மீட்டர் நீள இயந்திரக் கை, இறங்கச் சக்கரம், காற்றில் திரும்பச் சிறகு மடல், வாலில் இரண்டாகப் பிளந்து வேகம் குறைக்கும் சுக்கான். அசையும் பாகங்களுக்காகவே பிறந்த விண்கலம்.

சரக்கறைக் கதவு திறப்பது அதில் விருப்பத்துக்குரிய வேலை இல்லை. கலத்துக்குள் உண்டாகும் வெப்பத்தை வெளியே விடும் கதிர்வீசித் தகடுகள் அந்தக் கதவுகளின் உட்பக்கத்தில்தான் இருந்தன. சுற்றுப்பாதைக்குப் போன சில மணி நேரத்தில் கதவு திறக்காவிட்டால் பயணத்தை முடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். இப்படி உயிர்நாடியான அந்தக் கதவுகளுக்குப் பூமியில் தம் எடையைத் தாமே தூக்கித் திறக்கும் வலு கிடையாது. எடையற்ற வெளிக்காக மெலிதாகச் செய்யப்பட்டவை அவை. தரையில் சோதிக்கும்போது வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கத் தனி ஏற்பாடு வேண்டும். கனடா செய்துகொடுத்த இயந்திரக் கையும் அப்படியே. 400 கிலோவுக்குச் சற்று மேல் எடை. விண்வெளியில் ஒரு பேருந்து அளவுள்ள செயற்கைக்கோளை அநாயாசமாக நகர்த்தும். பூமியில் தன்னையே தூக்க முடியாது. கிடைமட்டமாக, வழுவழுப்பான தளத்தில் காற்று மெத்தைமேல் மிதக்கவிட்டுத்தான் அதன் மூட்டுகளைச் சோதித்தார்கள்.

பொம்மை செய்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. அவருடைய விண்வெளி ஓடம் ஒரு மேசைமேல் நிற்கும். அதன் கதவு புவியீர்ப்பை எதிர்த்து மேலே எழ வேண்டும். அதன் கை, நுனியில் செயற்கைக்கோளைத் தொங்கவிட்டபடி உயர வேண்டும். நாசாவின் பொறியாளர்கள் சந்திக்கத் தேவையில்லாத ஒரு சிக்கலை பில்லுண்டின் வடிவமைப்பாளர்கள் சந்தித்தார்கள். 8480ஐ உண்மை ஓடத்தின் சின்னப் பிரதி என்று சொல்வதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். வெளித்தோற்றம் பிரதி. உள்ளே இருப்பது புதிதாகச் சிந்தித்த எந்திரம்.

சிக்கலை முதலில் மோட்டாரிடமிருந்து பார்க்கலாம். 1990இல் டெக்னிக் 9 வோல்ட்டுக்கு மாறியிருந்தது, ஆறு பேட்டரிகள். அந்தக் கால மோட்டாரின் உள்ளே வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள் கிடையாது. வெறுமனே விட்டால் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றைத் தாண்டிச் சுழலும். ஆனால் அச்சை விரலால் பிடித்தால் நின்றுவிடும். வேகம் மிகுதி, வலு குறைவு. கதவுக்கு வேண்டியதோ நேர்மாறானது. ஆகவே வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்க வேண்டும். எட்டுப் பல் சக்கரம் இருபத்து நான்கு பல் சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒன்றாகும், திருப்பும் வலு மூன்று மடங்காகும். அதே அச்சில் இன்னோர் எட்டுப் பல், அது நாற்பது பல்லைச் சுழற்றினால் இன்னும் ஐந்து மடங்கு. இரண்டே கட்டத்தில் பதினைந்து மடங்கு. உராய்வில் கொஞ்சம் போகும், போகட்டும்.

வலு கிடைத்தாலும் போதாது. பாதி திறந்த நிலையில் மோட்டாரை நிறுத்தினால் கதவு தன் எடையால் சரிந்து மூடிக்கொள்ளக் கூடாது. இதற்கு டெக்னிக்கில் இருக்கும் விடை புழு கியர். திருகாணிபோல் மரை வைத்த ஒரு சிறிய உருளை; அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், அதைக் கடித்து நிற்கும் பல்சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். இருபத்து நான்கு பல் சக்கரமாக இருந்தால் இருபத்து நான்கு சுற்றுக்கு ஒரு சுற்று. அதைவிட முக்கியம், உருளை சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் உருளையைச் சுழற்ற முடியாது. எவ்வளவு எடை அழுத்தினாலும் மரையின் சரிவில் அது பக்கவாட்டு அழுத்தமாகவே முடிந்துபோகும். மோட்டார் நின்ற இடத்தில் எல்லாம் அப்படியே நிற்கும், பிரேக் என்று தனியாக ஒன்று வேண்டாம். டெக்னிக்கின் கிரேன்கள் பாரத்தைப் பிடித்து நிற்பது இந்தச் சிறு உருளையின் தயவால்தான். விரல் நுனி அளவுள்ள அந்தத் துண்டைக் கையில் எடுத்து ஓர் அச்சில் கோத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து சக்கரத்தைத் திருப்ப முயன்று பாருங்கள். ஒரு பத்தி விளக்கம் சொல்லாததை விரல் உடனே புரிந்துகொள்ளும்.

அடுத்தது பகிர்வு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மோட்டார் வைத்தால் விலையும் எடையும் எகிறும். சுழற்சி ஒன்று, அதைக் கேட்கும் வேலைகள் பல. நம் ஊரில் ஒரே வாய்க்கால் தண்ணீரை மடையைத் திருப்பி வயல் வயலாகப் பாய்ச்சுவதுபோல, ஒரு மோட்டாரின் சுழற்சியை நெம்புகோலை நகர்த்தி வெவ்வேறு வேலைகளுக்கு அனுப்ப வேண்டும். இதற்கான பாதை 1994இல் திறந்தது. அந்த ஆண்டு வந்த 8880 எண் சூப்பர் காருக்காக, உண்மையான வேகமாற்றிப் பெட்டி ஒன்றை லெகோ உருவாக்கியது. அச்சில் சும்மா சுழன்றுகொண்டிருக்கும் பதினாறு பல் சக்கரம் ஒன்று. பக்கத்தில், அச்சோடு சேர்ந்து சுழலும் ஒரு வளையம். வளையத்தைத் தள்ளினால் அதன் பற்கள் சக்கரத்தின் பக்கத்தைக் கவ்வும், இரண்டும் ஒன்றாகச் சுழலும். இழுத்தால் விலகும். காரில் அது வேகம் மாற்றியது. விண்வெளி ஓடத்தின் வேலை வேறு, ஆனால் ஒரு சுழற்சியை வேண்டிய இடத்துக்கு மட்டும் அனுப்பும் துணிவு அந்தக் காரிலிருந்து வந்தது. சூப்பர் கார் இல்லாமல் இந்த ஓடம் பிறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கதவுகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் விரிய வேண்டும். ஒன்றையொன்று கடிக்கும் இரண்டு பல்சக்கரங்கள் இயல்பாகவே எதிரெதிராகத்தான் சுழலும் என்பதால் இயற்கையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மோட்டாரின் மெல்லிய ரீங்காரத்தோடு சரக்கறை மெதுவாகத் திறக்கும். வேகம் குறைவாக இருப்பதே அந்தக் காட்சிக்கு ஒரு கம்பீரம் தருகிறது. உண்மையான கதவுகளும் நிதானமாகத்தான் திறந்தன.

சரக்கறைக்குள் செயற்கைக்கோள். இந்தியர்களுக்கு இந்தக் காட்சி அந்நியம் இல்லை. 1983 ஆகஸ்ட் 30 அதிகாலை இருளில் சேலஞ்சர் ஏறிப் போனபோது அதன் சரக்கறையில் இருந்தது நம் இன்சாட்-1பி. மறுநாள் அது வெளியே விடப்பட்டது. அப்போது கையைப் பயன்படுத்தவில்லை. சுழலவிட்டு, விசையோடு தள்ளிவிட்டார்கள். பிறகு அதன் சூரியத் தகடு விரியாமல் அடம்பிடித்தது. செப்டம்பர் நடுவில்தான் கர்நாடகத்தின் ஹாசனிலிருந்த கட்டுப்பாட்டு மையத்தாரும் அமெரிக்கத் தயாரிப்பாளர்களும் சேர்ந்து அதை விரிய வைத்தார்கள். அடுத்த ஆண்டுகளில் தூர்தர்ஷன் சிற்றூர்களுக்கெல்லாம் வந்தது அந்தத் தகடு விரிந்ததால்தான். 8480இன் செயற்கைக்கோளும் மடித்த தகடுகளோடுதான் சரக்கறையில் உட்கார்ந்திருக்கிறது. அவை விரிவது ஓர் அலங்காரம் என்று பார்ப்பவர்கள் நினைக்கலாம். ஒரு நாட்டின் தொலைக்காட்சியும் வானிலைப் படமும் அந்த ஒரு அசைவில் தொங்கிய நாட்கள் உண்டு.

கையின் கதையும் அப்படியே. உண்மையான கைக்கு ஆறு மூட்டுகள்: தோளில் இரண்டு, முழங்கையில் ஒன்று, மணிக்கட்டில் மூன்று. விரல்கள் கிடையாது, நுனியில் உள்ள குழாய்க்குள் மூன்று கம்பிகள் சுருக்குப்போல இறுகி, செயற்கைக்கோளில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பிடிக்கும். பொம்மை வெளிவந்த அடுத்த ஆண்டு, 1997 நவம்பரில், கொலம்பியாவில் அந்தக் கையை இயக்கியவர் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. ஸ்பார்டன் என்ற சூரிய ஆய்வுக் கலத்தை அவர் வெளியே விட்டார். அது செய்ய வேண்டிய திரும்பலைச் செய்யவில்லை. மீண்டும் பிடிக்க முயன்றபோது தட்டுப்பட்டுச் சுழலத் தொடங்கியது. மூன்று நாள் கழித்து வின்ஸ்டன் ஸ்காட்டும் டக்காவோ தோயியும் விண்ணில் நடந்துபோய்க் கையாலேயே அதைப் பற்றினார்கள். பல மாத விசாரணைக்குப் பின், தவறு கல்பனாவுடையது அல்ல, மென்பொருள் இணைப்புகளிலும் வகுத்திருந்த நடைமுறைகளிலும் இருந்தது என்று முடிவானது. மிதக்கும் பொருளை இயந்திரக் கையால் பிடிப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பொம்மையில் அந்தச் சிக்கல் இல்லை, அதற்கு எடைச் சிக்கல் மட்டுமே. உண்மைக் கைக்கு எடைச் சிக்கல் இல்லை, மற்றதெல்லாம் உண்டு.

வால் பக்கம் வருவோம். 1996இல் லெகோ புதிதாகக் கொண்டுவந்தது ஒளியிழை. ஒரு சிறு பெட்டிக்குள் விளக்கு. அதிலிருந்து மெல்லிய இழைகள் கிளம்பும். ஒளி இழையின் சுவரில் முழு அக எதிரொளிப்பாகப் பட்டுப் பட்டு நுனிவரை போய்ச் சேரும். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 1954இல் விளக்கிக் காட்டிய அதே இயற்பியல்தான். அந்த விளக்குப் பெட்டியின் ஊடே ஓர் அச்சு போகும். அச்சு சுழன்றால் ஒளி இழைக்கு இழை மாறி மாறிப் பாயும். ஆக, மின்சாரம் ஒளியைத் தருகிறது, சுழற்சி அந்த ஒளிக்குத் துடிப்பைத் தருகிறது. எஞ்சின் கூம்புகளில் இழை நுனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மினுங்கும். ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு பல்பும் கம்பியும் இழுத்திருந்தால் அந்தச் சிறிய வாலில் இடமே இருந்திருக்காது. மின்விளக்கைக்கூடப் பல்சக்கர உலகத்தின் குடிமகனாக ஆக்கிய இந்த யோசனைதான் எனக்கு இந்தப் பெட்டியில் மிகவும் பிடித்தது.

உண்மைக்கு இது விலகல் என்று சொல்பவர்கள் உண்டு, சரியாகவே சொல்கிறார்கள். ஓடத்தின் மூன்று முதன்மை எஞ்சின்களும் ஏவிய பின் சுமார் எட்டரை நிமிடம் மட்டுமே எரியும். எரிபொருள், ஓடத்துக்கு வெளியே இருக்கும் பெரிய தொட்டியிலிருந்து வரும். அந்தத் தொட்டி பொம்மையில் இல்லை. திரவ ஹைட்ரஜன் எரியும் தீ பகலில் கண்ணுக்குப் படாத அளவுக்கு வெளிறியது. ஏவும்போது நாம் படத்தில் பார்த்த பிழம்பெல்லாம் பக்கத்து இரண்டு திட எரிபொருள் ராக்கெட்டுகளுடையது. சரக்கறை திறந்திருக்கும்போது முதன்மை எஞ்சின் மினுங்கும் காட்சி எந்தப் பயணத்திலும் நடந்ததில்லை. இருந்தாலும் இந்த உரிமையை வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொண்டது சரி என்றே நினைக்கிறேன். ஒரு பயணத்தின் பல கட்டங்களை ஒரே உடலில் காட்ட வேண்டியிருக்கும்போது காலத்தைச் சுருக்காமல் முடியாது.

சக்கரங்களும் மடல்களும் கையால் இயங்குபவை. உண்மை ஓடத்தில் விமானி சக்கரத்தை இறக்கத்தான் முடியும், பறக்கும்போது திரும்ப உள்ளே இழுக்க வழியே கிடையாது. இறங்குவதற்குச் சில நொடிகள் முன்புதான் அதை விடுவார்கள். பொம்மையில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற்றி இறக்கலாம்.

இதையெல்லாம் கட்டுபவர் ஒரு சொல்லும் படிக்காமல் கட்டுகிறார். லெகோவின் வழிகாட்டிப் புத்தகத்தில் படங்கள் மட்டுமே. முதலில் உள்ளே உள்ள சட்டகமும் பல்சக்கரங்களும். அவை எதற்கு என்று பல பக்கங்களுக்குப் புரியாது. ஓர் அச்சு எங்கேயோ போய் நிற்கும். நாற்பது பக்கம் கழித்து அந்த அச்சின் நுனியில் கதவின் கீல் வந்து சேரும்போதுதான் விளங்கும். ஓர் அச்சு அரை மில்லிமீட்டர் கூடுதலாக இறுகிவிட்டால் மோட்டார் முனகும். பல்சக்கரத்துக்கும் கட்டைக்கும் இடையே மயிரிழை இடம் விட வேண்டும் என்பதை அந்த முனகலே கற்றுக்கொடுக்கும். தோல் போர்த்துவது கடைசியில். காரணம் முதலில், அழகு பிறகு என்ற வரிசையில் ஒரு பொருளை அறிமுகப்படுத்தும் பாடப்புத்தகம் நம்மிடம் குறைவு.

டெக்னிக்கின் பெரிய பெட்டிகளில் அப்போது ஒரு மரபு உண்டு. அதே துண்டுகளால் இரண்டாவது மாதிரி ஒன்றும் கட்டலாம். 8480ஐப் பிரித்தால் கிடைப்பது ஆழ்கடல் நீர்மூழ்கி. விண்ணின் வெறுமையில் சரக்கை எடுத்த கை கடலடியில் தேடும் கையாகிறது. எஞ்சினில் மினுங்கிய இழைகள் இருட்டில் வெளிச்சமாகின்றன. உள்ளே ஓடும் அறிவு மாறவில்லை. இந்த மரபை லெகோ பின்னாளில் பெரும்பாலும் கைவிட்டது எனக்கு வருத்தமே. ஒரு பொருளைப் பிரித்து வேறொன்றாக்கும்போதுதான், முதலில் கட்டியதை உண்மையிலேயே புரிந்துகொண்டோமா என்பது தெரியும்.

8480க்குப் பிறகும் விண்வெளி ஓடங்கள் வந்தன. 2010இல் வெளித் தொட்டியோடு ஒன்று. 2021இல் ஹப்பிள் தொலைநோக்கியோடு டிஸ்கவரி, 2,354 துண்டுகள். 1990 ஏப்ரலில் ஹப்பிளை விண்ணில் விட்ட பயணத்தின் மாதிரி அது. விகிதம், நிறம், வளைவு எல்லாவற்றிலும் 1996இன் ஓடத்தைவிடப் பல மடங்கு உண்மைக்கு நெருக்கம். சக்கரம் விரிகிறது, மடல்கள் அசைகின்றன, கதவின் உட்பக்கம் கதிர்வீசிகள் பளபளக்கின்றன. மோட்டார் மட்டும் இல்லை. அலமாரியில் வைக்க டிஸ்கவரியைத் தேர்வேன். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க, கட்டைகள் பழுத்துப்போயிருந்தாலும் 8480ஐத்தான்.

விண்வெளி ஓடங்களின் பயணம் 2011 ஜூலை 21 அன்று அட்லாண்டிஸ் தரையிறங்கியதோடு முடிந்தது. அதற்குச் சில வாரம் முன், அந்த மே மாதம், எண்டவர் தன் கடைசிப் பயணத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு லெகோ பெட்டிகளை எடுத்துப்போனது. அங்கே ஜப்பானிய விண்வெளி வீரர் சதோஷி ஃபுருகாவா, நிலையத்தின் மாதிரி ஒன்றைக் கட்டினார். துண்டுகள் மிதந்து போய்க் கருவிகளுக்குள் புகுந்துவிடக் கூடாது என்பதால், கையுறை பொருத்திய மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையை நுழைத்துக் கட்ட வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் கட்டி முடித்ததை அதிக நேரம் வெளியே வைக்கவும் அனுமதி இல்லை. அந்த மாதிரியின் நீண்ட கிளைகள் பூமியில் தம் எடையைத் தாங்க மாட்டா, அங்கே தாங்கின. படம் எடுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டி, பிறகு துண்டு துண்டாகப் பிரித்து வைத்தார்கள்.